வரி நாம் கட்டுகிறோம், கணக்கை யார் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி நம் வேலூர் மாநகராட்சியைப் பற்றித்தான். வரி, கால்வாய், பார்க், லாட்ஜ். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இவற்றுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, முப்பது வருஷமாக பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். 2022-இல் கடையின் சொத்து வரி ஒரேயடியாக இரண்டு மடங்கானது. என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் சின்னதாக ஒரு தையல் கடை போட்டிருக்கிறாள். அவளுக்குக் கடை வரியே கிடையாதாம், தள்ளுபடியாம். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை?
– ஒரு வியாபாரி, லாங்கு பஜார், வேலூர்

உங்கள் மகள் சொன்னது சரிதான். அங்கே கடை, கிடங்கு, ஆபீஸ் எல்லாவற்றுக்கும் 'பிசினஸ் ரேட்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து ஒரு மதிப்பு போடுவார்கள். மதிப்பு 12,000 பவுண்டைத் தாண்டாமல், வியாபாரி கையில் அந்த ஒரு இடம் மட்டும் இருந்தால் வரி முழுவதும் தள்ளுபடி. 12,000-க்கு மேல் போகப் போகத் தள்ளுபடி குறைந்து 15,000-இல் நின்றுவிடும். இது போக, கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொரோனா காலத்தில் தொடங்கிய தனிச் சலுகை ஒன்று இருந்தது. 2024–25 வரை 75 சதவீதமாக இருந்ததை 2025 ஏப்ரலில் 40 ஆகக் குறைத்தார்கள், 2026 ஏப்ரலில் அதற்குப் பதிலாகக் குறைந்த வரி விகிதம் என்று மாற்றினார்கள்.

ஆனால் உங்கள் மகளின் தள்ளுபடியை முடிவு செய்தது லெஸ்டர் கவுன்சில் இல்லை. அது லண்டனில் இருக்கிற அரசு போட்ட சட்டம். அதனால் கவுன்சிலுக்கு வராமல் போகிற பணத்தை அந்த அரசே மானியமாகக் கொடுத்து ஈடுகட்டுகிறது. தையல் கடைக்கு வரி இல்லை என்பதற்காக அந்தத் தெருவில் குப்பை அள்ளாமல் விடுவதில்லை.

இங்கே நிலைமை வேறு. 2008-க்குப் பிறகு நம் ஊர்களில் சொத்து வரியை ஏற்றவே இல்லை. 2018-இல் ஏற்றிப் பார்த்தார்கள், 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். அப்புறம், மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று சொல்கிற 15-வது நிதி ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளர்கிற வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும், இல்லையென்றால் நகரங்களுக்கான மத்திய மானியம் வராது. அதன் பின்னால் வந்ததுதான் 2022 ஏப்ரல் உயர்வு. பிறகு 2023-இல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றுவது என்பதும் சேர்ந்துகொண்டது. ஆக, உங்கள் கவுன்சிலரே முன்நின்று 'லாங்கு பஜாரில் பாதி வரி போதும்' என்று மன்றத்தில் பேசினாலும், குறைகிற பணத்தை ஈடுகட்ட நமக்கு யாரும் இல்லை. மேலே இருந்து வரும் மானியமும் சேர்ந்து அடிபடும். கால்வாய் தூர்வாருகிற காசில்தான் போய் இடிக்கும்.

இதனால் உங்கள் கோபம் நியாயமில்லை என்று சொல்லவில்லை. நியாயம்தான், ஆனால் அதைச் சரியான இடத்தில் காட்ட வேண்டும். 2022 உயர்வில் வீடுகளை அளவு பார்த்துப் பிரித்தார்கள். 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைக்கு அந்தப் பிரிவினையே இல்லை. நூறு சதுர அடியில் உட்கார்ந்து வெற்றிலை விற்பவருக்கும் 100, நாலு மாடி ஜவுளிக் கடைக்கும் 100. தொழிற்சாலைக்குக்கூட 75 தான். இது தப்பு, இதை நான் தயங்காமல் சொல்வேன். வீட்டுக்கு அளவு பார்க்கத் தெரிந்த அரசுக்குக் கடைக்கும் பார்க்கத் தெரியும். வணிகர் சங்கங்கள் 'வரியைக் குறை' என்று மொத்தமாகக் கேட்பதை விட, 'சின்னக் கடைக்குத் தனி அடுக்கு வை, அதனால் குறைகிற பணத்தை மாநில அரசு மாநகராட்சிக்குக் கொடு' என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்க வேண்டிய இடம் சென்னைக் கோட்டை. நம் வேலூர்க் கோட்டைக்கு எதிரே நின்று கோஷம் போட்டால் போதாது.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது மூன்று. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம் கழிவு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டுக்கு 9,000 கட்டுகிறவருக்கு 450 மிச்சம். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். இரண்டாவது, உங்கள் வரி விதிப்பில் எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், பிறகு நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய பஜார் கட்டடங்களில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட பிறகும் பழைய அளவே ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்து ஒரு மண்டிக்காரர் பக்கத்துக் கடையின் பரணுக்கும் சேர்த்து ஏழு வருஷம் கட்டியிருக்கிறார். மூன்றாவது, அளவோ உபயோகமோ தப்பாக இருந்தால் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. வாயால் பில் கலெக்டரிடம் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது.

மாநகராட்சிக் கூட்டத்தில் ஐம்பது, அறுபது தீர்மானங்களை அரை மணி நேரத்தில் 'ஆல் பாஸ்' என்று முடித்துவிடுகிறார்கள் என்று செய்தியில் படிக்கிறேன். அப்படியென்றால் யார்தான் சரிபார்க்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, காட்பாடி

நல்ல கேள்வி, அம்மா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலூரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்தது 2016 செப்டம்பரில். மத்திய அரசு 500 கோடி வரை, மாநிலம் அதே அளவு என்பது திட்டம். அடுத்த மாதமே, 2016 அக்டோபரில், தமிழ்நாட்டில் நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர் ஆட்சி. எந்தத் தெருவைத் தோண்டலாம், எங்கே பஸ் நிலையம் கட்டலாம், எங்கே பார்க் என்று பெரிய முடிவுகள் எடுத்த காலத்தில், எழுந்து நின்று 'எதற்கு?' என்று கேட்க நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு ஆள்கூட அந்த அறையில் இல்லை. போதாததற்கு ஸ்மார்ட் சிட்டி வேலைகளுக்கென்று தனியாக ஒரு கம்பெனி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இப்போது 60 வார்டுக்கும் கவுன்சிலர் இருக்கிறார்கள். சட்டப்படி நிலைக்குழுக்களும் உண்டு: கணக்கு, பொது சுகாதாரம், கல்வி, வரிவிதிப்பு–நிதி, நகரமைப்பு, பணிகள். மன்றத்தில் அரை மணியில் முடிகிறது என்றால் அதற்கு முன்பே குழுவில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா என்பதுதான் கேட்க வேண்டியது. இங்கிலாந்தில் 2000-ஆம் வருஷச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். முடிவெடுக்கிற அமைச்சரவை மாதிரி ஒரு குழு, அதில் இல்லாத மற்ற கவுன்சிலர்கள் சேர்ந்து ஆய்வுக் குழு. எடுத்த முடிவை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே 'நிறுத்து, மறுபடி பார்ப்போம்' என்று இழுத்துக் கேட்க அந்தக் குழுவுக்கு உரிமை இருக்கிறது. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன், ஆளுங்கட்சியே ஆய்வுக் குழுவிலும் நிரம்பி இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் நிறுத்திக் கேட்பதற்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களே, அது பெரிசு.

நம்மிடம் பிறகு கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை மாநகராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்து, சந்தேகமான செலவுகளுக்கெல்லாம் 'தடை', அதாவது ஆட்சேபணை, எழுதும். அந்தத் தடைகள் வருஷக்கணக்கில் பதில் இல்லாமல் கிடக்கும். நீங்கள் மாணவி, ஒரு காரியம் செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'கடந்த மூன்று வருஷத் தணிக்கை அறிக்கையில் நிலுவையில் உள்ள தடைகளின் நகல் வேண்டும்' என்று ஒரே வரியில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததை வகுப்பில் நாலு பேர் உட்கார்ந்து படித்தால், நகர உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது என்று புத்தகத்தில் படிக்கிற 74-வது அரசியல் சாசனத் திருத்தம் என்னவென்று கண்ணெதிரே புரியும்.

எங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், மூடினார்கள், குடிநீர்க் குழாய்க்கு மறுபடி தோண்டினார்கள். இப்போது மழைநீர்க் கால்வாய் என்கிறார்கள். யாரைக் கேட்பது?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி

அம்மா, உங்கள் பகுதியில்தான் அடிபம்பை அகற்றாமலே அதைச் சுற்றிக் கால்வாயைக் கட்டினார்கள், 2022-இல். அதே வருஷம் ஜூனில் காளியம்மன் கோயில் தெருவில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல் சிமென்ட் ரோடு போட்டு, சக்கரம் புதைந்து நின்ற படத்தை நாடே பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலையைப் பகலில் நின்று பார்க்க ஒரு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) இல்லை, பார்த்த தெருக்காரர்களுக்கு 'நிறுத்துப்பா' என்று சொல்ல உரிமை இருப்பதும் தெரியாது.

என் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். புதுக் கால்வாய் கட்டினார்கள், தெருவை விட ஒரு ஜாண் உயரம். தெருத் தண்ணீர் கால்வாய்க்குள் போக வழியே இல்லை, முதல் மழையிலேயே என் வீட்டு வாசற்படிக்குள் வந்தது. நாலு முறை நேரில் போனேன், 'ரோடு போடும்போது சரியாகிவிடும் சார்' என்றார்கள். ஐந்தாவது முறை போகவில்லை. எஸ்டிமேட் நகல், வரைபடம், செய்த வேலையை அளந்து எழுதி வைக்கிற அளவுப் புத்தகத்தின் நகல் மூன்றும் வேண்டும் என்று தகவல் உரிமை மனு போட்டேன். வந்த வரைபடத்தில் கால்வாயின் மேல்மட்டமும் தெருமட்டமும் சமமாக இருந்தது. அந்தத் தாளை ஒட்டி, வாசலில் தண்ணீர் நிற்கிற போட்டோவையும் வைத்துத் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்தேன். இருபது நாளில் மூன்று இடத்தில் சுவரை உடைத்துத் தண்ணீர் இறங்க வழி விட்டார்கள். முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் வீட்டுக்குள் வருவதில்லை.

நீங்கள் வேலை முடிகிற வரை காத்திருக்க வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் தகவல் என்றால் வெறும் காகிதம் மட்டுமில்லை. நடக்கிற வேலையை நேரில் ஆய்வு செய்யலாம், சான்றிட்ட பொருள் மாதிரியும் கேட்கலாம், அதாவது அந்த ஜல்லியையும் சிமென்ட்டையும். இது தெரிந்தவர்கள் வேலூரில் நூறு பேர் இருந்தாலே காண்ட்ராக்டர் கை நடுங்கும். அப்புறம், 2022 முதல் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் சட்டப்படி வந்துவிட்டன. பகுதி சபையில் உங்கள் ஓட்டு எந்த வாக்குச்சாவடியில் இருக்கிறதோ அந்தப் பகுதி ஆட்கள் எல்லோரும் உட்காரலாம். அங்கே ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: சாக்கடை, குடிநீர், மழைநீர் மூன்று வேலைக்கும் தேதி போட்ட ஒரே அட்டவணை, அது இல்லாமல் புது ரோடு வேண்டாம். கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஆற்காடு சாலைப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பி லாட்ஜுக்கு மேல் லாட்ஜ் கட்டுகிறார்கள். பார்க்கிங் இல்லை, சாக்கடை தாங்கவில்லை. அனுமதிக்கும்போது வாங்குகிற பணமெல்லாம் எங்கே போகிறது?
– தோட்டப்பாளையம் வாசகர்

இந்தக் கேள்வியைப் பத்து வருஷத்துக்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும். பெரிய கட்டடத்துக்கு ப்ளான் அப்ரூவல் கொடுக்கும்போது வளர்ச்சிக் கட்டணம் தவிர, 'உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம்' என்று ஒன்றும் வாங்குகிறார்கள். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2007-இல் சேர்த்தது. நீங்கள் நினைப்பது போல அது அந்தத் தெருச் சாக்கடைக்கு நேராகப் போவதில்லை, மாநில அளவில் ஒரு நிதியில் சேர்ந்து, அங்கிருந்து திட்டம் திட்டமாகப் பிரிகிறது. லாட்ஜ் தண்ணீர் தோட்டப்பாளையத்தில் ஓடும், லாட்ஜ் கட்டிய பணம் வேறு ஊரில் பாலமாக நிற்கலாம்.

இங்கிலாந்தில் கட்டடக்காரர்களிடம் இதே மாதிரி ஒரு வரியைப் பல கவுன்சில்கள் வாங்குகின்றன. வந்ததில் 15 சதவீதம் கட்டடம் வந்த பகுதிக்கே ஒதுக்க வேண்டும், அந்தப் பகுதி மக்கள் தங்களுக்கென்று ஒரு திட்டம் போட்டு ஓட்டெடுப்பில் நிறைவேற்றியிருந்தால் 25 சதவீதம். வருஷா வருஷம் டிசம்பர் 31-க்குள் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு மிச்சம் என்று கணக்கை வெளியிட வேண்டும். நமக்கு அந்தக் கணக்குத் தாள்தான் முதலில் வேண்டும். வேலூர் உள்ளூர் திட்டக் குழுமப் பகுதியில் ஒரு வருஷத்தில் எவ்வளவு வசூல், அதில் வேலூருக்குத் திரும்பியது எவ்வளவு, இந்த இரண்டு எண்களை மட்டும் மன்றத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்டால், கட்சி எதுவானாலும் நான் அவருக்குக் கைதட்டுவேன்.

பார்க்கிங் விஷயம்: 2019 கட்டட விதிகளில் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வண்டி இடம் என்று இருக்கிறது. வரைபடத்தில் தரைத்தளம் பார்க்கிங், கட்டிய பிறகு அதே இடத்தில் மருந்துக் கடை என்றால், அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி, போட்டோவோடு புகார் கொடுங்கள். மீறலுக்கு நோட்டீஸ் கொடுக்கவும் பூட்டி சீல் வைக்கவும் மேலே சொன்ன 1971 சட்டத்தில் இடம் இருக்கிறது.

இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய மனை. லே-அவுட்டில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது யாரோ ஷெட் போடுகிறார்கள். கேட்டால் பட்டா இருக்கிறது என்கிறார்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கழிஞ்சூர்

உடனே ஓடுங்கள் ஐயா, இதில் நாள் கடத்தக் கூடாது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்களா என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தானப் பத்திரம் தெரியும். அங்கீகரித்த லே-அவுட் வரைபட நகலை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வாங்குங்கள். பத்திரம் இருந்தால் அது மாநகராட்சி இடம், அவர் காட்டும் பட்டாவை ரத்து செய்யக் கோரி தாசில்தார், வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) என்று போகலாம். பத்திரம் எழுதாமல் விட்டிருந்தாலும், பூங்கா என்று அங்கீகாரம் வாங்கி மனை விற்ற இடத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது என்பதை வைத்து, மனை வாங்கிய எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தனி ஆளாகப் போகாதீர்கள். ஷெட் சுவர் எழும்பிவிட்டால் பிறகு பத்து வருஷம் கோர்ட்டுதான்.

வீட்டு முன்னறையில் மாவு மெஷின் போட்டால் வீடு முழுக்கக் கமர்ஷியல் வரி போடுவார்களா?
– வாசகி, பாகாயம்

இல்லை. தொழில் நடக்கிற பகுதிக்கு மட்டும்தான் வணிக உபயோகம். முன்னறையின் அளவைத் தனியாகக் காட்டி நீங்களே எழுதிக் கொடுங்கள், அவர்களாக வந்து பார்த்தால் மொத்த அளவையும் சேர்த்துப் போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. மெஷினுக்குத் தொழில் உரிமம் தனி. மின் இணைப்பையும் மாற்ற வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

தொழில் வரி வருஷத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு?
– ஓட்டேரி வாசகர்

2,500 ரூபாய். அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவே போட்ட வரம்பு அது. அரையாண்டுக்கு 1,250-க்கு மேல் யாராவது கேட்டால் எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.